நாலாவது துளை

1

இந்தக் கதைக்கு மூலம் என்னுடைய இடுப்பு. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. போன வருசம் காய்ச்சலில் கிடந்து எழும்பியபோது காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பெல்ற்றின் கடைசித் துளையும் தளர்ந்துவிட்டது. குசினிக் கத்தியால் இன்னொரு துளை போட்டேன். சின்னதாக, நேர்கோடு மாதிரி, பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் தபாற்கந்தோர் வரிசையில் நிற்கையில் அது அப்படியே கிழிந்துகொண்டு போய் அடுத்த துளையோடு சேர்ந்துவிட்டது. ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி வீடு வந்தேன்.

செருப்புத் தைக்கிறவரிடம் காட்டினேன். "மூலை வைச்சு வெட்டினா அதிலை துடங்கித்தான் கிழியும் ஐயா. ரெண்டு அந்தமும் வட்டமா இருக்கவேணும்" என்றார். அதோடு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு மனிதர் கிடைத்துவிட்டார். எந்தத் துளை கிழியும், எது கிழியாது என்பது வெட்டுவதற்கு முன்பே தெரிந்த ஒருவர். அவரிடம் யாரோ வந்து பட்டி ஒன்று கேட்கிறார்கள். யாருக்கு, எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது.

நீங்கள் வாசிப்பது நாலாவது வரைவு. எனக்குக் களைத்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "1936ஆம் ஆண்டுப் பங்குனி வெயில் யாழ்ப்பாணத்துப் பெரியகடையின் மேல் உருக்கிய ஈயத்தைப் போல—"

வெயிலை நான் உருக்கத் தேவையில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "சிமியோன் என்பவன் தோல் வேலை செய்பவன். அவனுக்கு—"

ஐம்பத்தாறு வயது மனிதர். அந்தக் காலத்து ஊர் அவரை 'அவன்' என்றுதான் சொல்லியிருக்கும். ஊர் சொன்னதையே நானும் சொல்லவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. இதுவும் போயிற்று.

மூன்றாவது வரைவின் தொடக்கம் மட்டும் நின்றது. அதை அப்படியே வைக்கிறேன்.

பத்மாசினி அரியாலையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். வயது முப்பத்தெட்டு. கையில் ஒரு சின்னக் கடகம், அதற்குள் சுருட்டிவைத்த தும்புக்கயிறு. சிமியோனின் கொட்டில் பெரியகடைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்தது. அவளைப் போன்ற குடும்பத்துப் பெண்கள் அந்தக் கொட்டிலுக்குள் காலெடுத்து வைப்பதில்லை. வாசற்படலைக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

"ஒரு பட்டி செய்யவேணும். மூண்டு விரல் அகலம். தடிச்ச தோல்."

"என்னத்துக்கு நாச்சியார்?"

"நாய்க்கு."

"எத்தினை அங்குலம்?"

"முப்பத்திரண்டு."

சிமியோன் நிமிரவில்லை. கொட்டிலின் மறுபக்கத்தில் பாய் இழைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கத்தரீனாதான் எட்டிப் பார்த்தாள். "முப்பத்திரண்டு அங்குலக் கழுத்தோ! அது நாயோ யானையோ?"

பத்மாசினி கடகத்திலிருந்த கயிற்றை எடுத்துப் படலையில் தொங்கவிட்டாள். கயிற்றில் ஒரு முழ நீளத்துக்குக் கறுத்த கறை காய்ந்திருந்தது.

"இடுப்புக்கு" என்றாள். "அண்ணைக்கு. கயிறு வெட்டுது. ஆஸ்பத்திரி அப்போத்திக்கரி தோற்பட்டி போடச் சொன்னவர். பூட்டுப் போடக்கூடிய மாதிரி வேணும்."

[இரண்டாம் வரைவில் பத்மாசினி இந்த இடத்தில் ஒரு பக்கம் கதைத்தாள். பாசம், கடமை, விதி எல்லாம் வந்தன. என்னுடைய அக்காவுக்கு வாசிக்கக் கொடுத்தேன். அக்கா எங்கள் சின்னண்ணையைப் பதினொரு வருசம் வீட்டில் வைத்துப் பார்த்தவ. நான் கொழும்பில் இருந்தேன். மாதம் ஒருதரம் பழங்கள் வாங்கிக்கொண்டு வருவேன். அக்கா அந்தப் பக்கத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "ஆறு வருசம் வைச்சுப் பாத்த பிறகு ஒருத்தரும் உவ்வளவு வடிவாய்க் கதைக்கமாட்டினம்" என்றா. வெட்டிவிட்டேன்.]

ஆகவே அவள் சொல்லாததை நான்தான் சொல்லவேண்டும். அண்ணனின் பெயர் கனகலிங்கம். மலாயாவில் ரெயில் ஸ்ரேசன் ஒன்றில் கிளாக்கராக இருந்தவர். ஆறு வருசத்துக்கு முன், ஆளுக்கு மனம் சரியில்லை என்று கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வந்த நாள் தொடக்கம் விடிந்தால் உடுப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். தண்டவாளத்தைப் பிடித்து நாவற்குழிப் பக்கம் நடப்பார். இரண்டுதரம் ரெயில் வருகிற நேரம் ஆட்கள் இழுத்துவிட்டிருக்கிறார்கள். ஒருதரம் பரவைக்கடலில் நெஞ்சளவு சேற்றில் நின்றவரை மீன்பிடிக்கிறவர்கள் கொண்டுவந்து விட்டார்கள். தாயும் தகப்பனும் இல்லை. கொழும்பில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் அனுப்பவில்லை. முற்றத்துப் பூவரசில் கட்டிவைத்தாள்.

3

பட்டி இப்படி இருக்கும். ஓர் அந்தத்தில் இரும்புக் கொண்டி ஒன்று இறுகப் பொருத்தியிருக்கும். மற்ற அந்தத்தில் வரிசையாக நாலு நீட்டுத் துளைகள். இடுப்பின் பருமனுக்கு ஏற்ற துளைக்குள்ளால் கொண்டியை வெளியே எடுத்து, அதில் ஆமைப்பூட்டைப் போட்டால் முடிந்தது. பட்டியையும் மரத்தையும் ஒரு சங்கிலி சேர்க்கும். ஆள் இழுக்கிற இழுவை முழுவதும் அந்த ஒரு துளையில்தான் வந்து விழும்.

துளையை வெட்ட சிமியோனுக்கு மூன்று வழிகள் தெரியும்.

தட்டை உளியை வைத்து ஒரு அடி. கண்ணாடி மாதிரி வெட்டும். முதல் நாள் பார்த்தால் இதைவிட நேர்த்தியான துளை உலகத்தில் இல்லை. ஆனால் இரண்டு அந்தமும் கூர்.

அல்லது, அந்தத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டத் துளை போட்டு, இரண்டுக்கும் இடையே தோற்கத்தியால் இரு பக்கமும் கீறி எடுப்பது. கிழியாது. ஆனால் கை ஆடக்கூடாது. சிமியோனின் வலக்கை ஒரு வருசமாக ஆடிக்கொண்டிருந்தது. கத்தி விலகினால் விளிம்பு அரம் மாதிரி நிற்கும். உட்பக்கத்தில் அது தோலில் உரசும். ஏற்கெனவே புண் உள்ள இடுப்பு.

மூன்றாவது வழிக்கு ஓர் ஆயுதம் வேண்டும். ஒரு அங்குல நீளத்துக்கு வாயுள்ள துளையுளி, வாயின் இரண்டு அந்தமும் வளைந்தது. ஒரே அடியில் துளை முழுதாக விழும், மூலையே இராது. அது சிமியோனிடம் இல்லை. பெரியகடையில் இரும்புச் சாமான் விற்கிற நீக்கிலாப்பிள்ளையிடம் ஒன்று இருந்தது, சீமைச் சரக்கு. விற்கமாட்டார்.

"இரவல் தாறன்" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "ஆனா கல்லிலையோ இரும்பிலையோ வைச்சு அடிச்சிடாதையும். வாய் போனா என்னாலை தீட்டேலாது."

"புளியங்குற்றியிலைதான் அண்ணை அடிப்பன். மரத்தை நிமிர்த்தி வைச்சு."

"ஆருக்கு இவ்வளவு பக்குவம்? கச்சேரித் துரையின்ரை குதிரைக்கோ?"

"நாய்க்கு" என்றார் சிமியோன். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

துண்டுத் தோல் மூன்றில் மூன்று விதமாகவும் வெட்டிப் பார்த்தார். தோலைக் கொஞ்சம் ஈரமாக்கி, உளி வாயில் தேன்மெழுகு தடவி, கொட்டாப்புளியால் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் உளி அரை மயிர் விலகும், விளிம்பு இரட்டையாகும். பிறகு மூன்றையும் கொக்கியில் மாட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பாரம் தொங்கவிட்டார்.

"இஞ்சாருங்கோ, என்ரை அம்மிக்குழவியை எங்கை கொண்டுபோறியள்?"

"பின்னேரம் தாறன்."

"அதுவரைக்கும் நான் தலையாலையோ அரைக்கிறது?"

பின்னேரம் பார்த்தபோது தட்டை உளித் துளை ஒரு நெல்லளவு நீண்டிருந்தது. கத்தியால் கீறியது கோணலாக, ஆனால் அசையாமல் இருந்தது. இரவல் உளியின் துளை வெட்டினபடியே இருந்தது. தெரிவு முடிந்துவிட்டது. கதையும் இங்கே முடிந்திருக்கலாம். கெட்டிக்காரத் தொழிலாளி, நல்ல ஆயுதம், உறுதியான பட்டி. ஒரு பத்திரிகைக்கு அப்படி அனுப்பக்கூட நினைத்தேன்.

ஆனால் துளைகளின் இடத்தைக் குறிக்க, இடுப்பை நேரில் அளக்கவேண்டியிருந்தது.

4

அரியாலையில் கனகலிங்கம் பூவரசு நிழலில் கதிரையில் இருந்தார். முகம் மழித்து, சேட்டுத் தெறி கழுத்துவரை பூட்டி. அத்தனையும் தங்கச்சியின் வேலை. சிமியோனைக் கண்டதும் கையை நீட்டினார்.

"உம்மடை ரிக்கற்?"

"வாங்கேல்லை ஐயா."

"அப்ப இறங்கும்."

சிமியோன் ஒரு அடி பின்னால் போய் நின்றார். கனகலிங்கத்துக்கு அது திருப்தியாக இருந்தது. சேட்டைத் தூக்க விட்டார். கயிறு வெட்டின இடம் இடுப்பைச் சுற்றிச் சிவந்து ஈரமாகக் கிடந்தது. சிமியோன் அதற்கு மேலே, தோல் நல்லாயிருந்த இடத்தில் நாடாவைப் பிடித்தார்.

பத்மாசினி சிமியோனுக்குத் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனாள். நடக்கையில் ஒரு கையால் மால் கொட்டகையின் தூணைப் பிடித்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுப் போனாள். அது மயக்கமில்லை. நின்றபடி தூங்குகிறாள் என்று சிமியோனுக்கு விளங்கியது.

அப்போதுதான் கனகலிங்கம் குரலைத் தாழ்த்தினார். குரல் வேறாக இருந்தது.

"எத்தினை ஓட்டை?"

"நாலு ஐயா."

"நாலும் ஒரே மாதிரியோ?"

"ஓம்."

"ஒண்டைக் கொஞ்சம் பிழையாய் வெட்டேலுமோ?"

சிமியோன் நாடாவை விடவில்லை.

"இண்டைக்கு நாளைக்கு எண்டில்லை. எப்பவாவது. அப்பிடி ஒண்டு இருக்கெண்டு தெரிஞ்சாப் போதும். தங்கச்சிக்குச் சொல்லவேண்டாம், அவள் பாவம்."

பத்மாசினி சிரட்டையில் தண்ணீரோடு வந்தாள். கனகலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, "அடுத்தது பத்து நாப்பதுக்கு" என்று அறிவித்தார்.

[மனம் குழம்பிய ஒருவர் இவ்வளவு தெளிவாகக் கேட்பாரா? எனக்கு இந்தப் பாத்திரத்தில் நம்பிக்கை போய்விட்டது. இந்த இடத்தை அழிக்க இருந்தேன். அக்கா, "விடு. அது அப்பிடித்தான்" என்றா. "மாசக்கணக்கா ஒண்டும் விளங்காது. பிறகு ஒரு வசனம் சொல்லுவினம். அதுக்குப் பிறகு எங்களுக்கு நித்திரை வராது." சின்னண்ணை சொன்ன வசனம் எது என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.]

5

மறுநாள் காலையில் சிமியோன் வெட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் ஒரே அடி. தோலிலிருந்து கழன்று விழுந்த துண்டுகள் மூன்றும் ஒரே அளவான பூசணி விதைகள் மாதிரிக் குற்றிக்குப் பக்கத்தில் கிடந்தன. பிறகு இரவல் உளியைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தார். தட்டை உளியை எடுத்தார்.

கத்தரீனா பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் அந்த உளி?"

"மற்றதின்ரை வாய் மழுங்கிப்போச்சு."

"மூண்டு அடியிலையோ?"

அவர் தோலைக் குற்றியின் மேல் நேராக்கி வைத்தார்.

"நீங்கள் தோல் வேலைக்காரன்" என்றாள் கத்தரீனா. "பாவமன்னிப்புக் குடுக்கிற சுவாமியார் இல்லை. நினைவிருக்கட்டும்."

கொட்டாப்புளி விழுந்தது. நாலாவது துளை மற்ற மூன்றையும்விட அழகாக இருந்தது.

நாலாவது, மற்ற எல்லாவற்றையும்விட உள்ளே தள்ளி இருப்பது. அப்போதைய இடுப்புக்கு இரண்டாவதே போதும். ஆள் நன்றாக மெலிந்தால்தான் பூட்டு நாலாவதற்கு வரும். மெலிந்த மனிதன் எவ்வளவு தூரம் நடப்பான், நடந்தாலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சிமியோன் தனக்குள் கணக்குப் போட்டார். கேட்டதைச் செய்த மாதிரியும் இருக்கும், செய்யாத மாதிரியும் இருக்கும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. எழுதி முடித்த அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அக்கா வாசித்தா. இரண்டுதரம் வாசித்தா. பிறகு கடதாசிகளை மேசையில் வைத்துவிட்டு, "உந்தச் சிமியோன் ஆர்?" என்று கேட்டா.

"தோல் வேலை செய்யிறவர் அக்கா."

"அதில்லை. அவர் ஆர் எண்டு கேக்கிறன். அரை மணித்தியாலம் வந்து நிண்டு பாத்திட்டுப் போறவர். அவருக்கு இரக்கம் வருது. வரும். ஒரு நாள் வந்து பாக்கிற எல்லாருக்கும் இரக்கம் வரும். உளியை மாத்திப் பிடிச்சுப்போட்டுத் தன்ரை வீட்டிலை போய்ப் படுப்பார். விடிய எழும்பி வெறும் சங்கிலியைப் பாக்கிறது ஆர்?"

அவ சிமியோனைத்தான் ஏசினா என்று வைத்துக்கொண்டேன். பேனையை மூடிவிட்டு நாலு மாதம் இந்தக் கதையைத் தொடவில்லை.

6

திரும்ப எடுத்தபோது முடிவுகளை மாற்றிப் பார்த்தேன்.

ஒன்றில் சிமியோன் மனம் மாறி நாலாவதையும் நல்ல உளியால் வெட்டினார். "அந்தப் பட்டி ஒன்பது வருசம் நின்றது" என்று முடித்தேன். அக்கா சிரித்தா. "ஒன்பது வருசத்தை நீ ஒரு வரியிலை முடிச்சிட்டாய், என்ன?"

இன்னொன்றில் சிமியோன் அரியாலைக்குப் போய் உண்மையைச் சொல்ல, பத்மாசினி படலையில் சாய்ந்து அழுது, "நீர் செய்தது சரி, சிமியோன்—" வேண்டாம். அழுகிற காட்சிகள் எனக்கு நன்றாக வரும். அதனாலேயே நம்பவில்லை.

மிஞ்சினது இதுதான்.

சிமியோன் பட்டியைக் கொடுத்தார். புண் ஆறியது. கனகலிங்கம் சங்கிலி எட்டுகிற தூரத்துக்குள் தன் ஸ்ரேசனை நடத்தினார். பத்மாசினிக்கு மத்தியானத்தில் ஒரு மணித்தியாலம் கண்ணயரக் கிடைத்தது. ஆனால் சிமியோனுக்கு வேலை ஓடவில்லை. படலை கிறீச்சிட்டால் கை நின்றுவிடும். ஒரு வருசம் பொறுத்துப் பார்த்து, மறுபடி நீக்கிலாப்பிள்ளையிடம் போய் அந்த உளியை இரவல் வாங்கினார். தட்டை உளியால் வெட்டின துளையின் மேல் அதை வைத்து ஒரு அடி அடித்தால் மூலைகள் போய்விடும். ஐந்து நிமிட வேலை. கொட்டாப்புளியையும் சாக்கில் சுற்றிக்கொண்டு அரியாலைக்கு நடந்தார்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். கனகலிங்கம் கதிரையில் இருந்தபடி அவரைக் கண்டுகொண்டார். ரிக்கற் கேட்கவில்லை. பட்டியின் மேல் கையை வைத்து, நாலாவது துளையிருந்த இடத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவிக் காட்டினார். பிறகு ஒரு ஸ்ரேசன்காரர் இன்னொரு ஸ்ரேசன்காரரைப் பார்த்து உயர்த்துகிற மாதிரிக் கையை உயர்த்தினார்.

சிமியோன் திரும்பி நடந்தார். வழியில் ஓர் ஒற்றைப் பனையடியில் உட்கார்ந்துவிட்டார்.

7

1938 கார்த்திகையில் கனகலிங்கத்துக்கு வயிற்றோட்டம் வந்தது. இரண்டு கிழமையில் பாதியாகிப்போனார். பூட்டு இரண்டாவது துளையிலிருந்து மூன்றாவதற்கு வந்தது. ஆள் எழும்பி நடக்கத் தொடங்கிய காலையில், பத்மாசினி அதை நாலாவதற்கு மாற்றினாள்.

பதினொரு நாள் பட்டி தாங்கியது.

அதற்குப் பிறகு ஒரு காலை நல்ல மழை. பத்மாசினி தலையில் ஓலைக் குடலையோடு ஒழுங்கைக்குள் வந்தாள். படலைக்கு வெளியே நிற்கவில்லை. நேரே கொட்டிலுக்குள் வந்து, பட்டியைப் புளியங்குற்றியின் மேல் வைத்தாள். பூட்டு இன்னும் கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலாவது துளை கிழிந்துகொண்டு போய் மூன்றாவதில் முட்டி நின்றிருந்தது. ஒன்றரை அங்குலம். மெலிந்த மனிதன் நழுவி வெளியே வர அவ்வளவு போதும்.

கத்தரீனா எழும்பி நின்றாள்.

பத்மாசினி முதலாவது துளையின் அந்தத்தில் விரலை வைத்தாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. பிறகு கிழிசல்.

"இது மற்றதுகள் மாதிரி இல்லை."

"ஓம் நாச்சியார்."

"வெட்டேக்கை உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

கூரையிலிருந்து ஒழுகின தண்ணீர் கத்தரீனாவின் பாயில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை.

"ஐயா கேட்டவர்" என்றார் சிமியோன். "அளக்க வந்த அண்டைக்கு. உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டவர். நான் ஒருக்கா அதைச் சரியாக்க வந்தனான், வேலியோடை நிண்டிட்டுத் திரும்பிட்டன். என்னிலை பிழை."

பத்மாசினி அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு வசனம் சொன்னாள்.

என்னிடம் இரண்டு வசனங்கள் இருக்கின்றன. இரண்டையும் பல தடவை எழுதி, பல தடவை வெட்டிவிட்டேன்.

"நாவற்குழியிலை நிண்டவரை ஆக்கள் கூட்டிக்கொண்டு வந்து விட்டிட்டினம். இந்த ஓட்டையைச் சரியாக்கித் தாரும்."

"இனிப் பட்டி தேவையில்லை. பூட்டை மட்டும் கழட்டித் தாரும்."

நேற்று இரண்டையும் ஒரு கடதாசியில் எழுதி அக்காவிடம் காட்டினேன். எது என்று கேட்டேன். அக்கா கண்ணாடியைப் போட்டு வாசித்தா.

"எதெண்டாலும்" என்றா, "அவள் ஒரே குரலிலைதான் சொல்லியிருப்பாள்."

கடதாசியைத் தந்துவிட்டு, உலையில் அரிசி போடப் போய்விட்டா.

ஆகவே தெரிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். சிமியோன் குற்றிக்கு முன்னால் நிற்கிறார். மழை விடவில்லை. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், வாய்விட்டு வாசியுங்கள். குரலை மட்டும் உயர்த்தவேண்டாம்.